டவுனில் சாப்பிடப் போகும் பிள்ளைகளுக்கு

கீரிப்பாறைத் தோட்டத்தில் முப்பது வருசம் ரப்பர் பால் வெட்டினவள் நான். இருட்டோடு மரத்தடிக்குப் போனால், பாலெடுத்து முடியும்வரை வயிற்றுக்குக் கட்டஞ்சாயாதான். அதனால் வெளியே உட்கார்ந்து ஒருவாய் நல்லதாகச் சாப்பிடுவது எனக்குப் பெரிய காரியம். நாகர்கோவிலுக்குப் படிக்கவும் வேலைக்கும் புதிதாகப் போகிற பிள்ளைகள் கேட்டதால் சொல்கிறேன்.

1. வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கினதும் கண்ணில் படுகிற முதல் கடையில் உட்காராதே, மக்கா. கனகமூலம் சந்தைப் பக்கம் நாலு எட்டு நட. சுமை இறக்குகிறவர்களும் காய் விற்கிற பெண்களும் எந்தக் கடைக்குள் போகிறார்கள் என்று பார். அவர்கள் தினமும் வருகிறவர்கள். சாம்பார் ஒருநாள் புளித்தால் மறுநாள் வரமாட்டார்கள். அந்தப் பயம் உள்ள கடைதான் உனக்கு வேண்டியது.

2. நேரம் பார்த்துப் போ. புட்டும் பயறும் பப்படமும் காலையில், ஆவி பறக்கும்போதே. ரசவடைக்குச் சாயங்காலம். பருப்பு வடை ரசத்தில் நன்றாக ஊறியிருந்தால், கரண்டி பட்டதும் தோல் விட்டுக்கொடுக்கும், உள்ளேயிருந்து மிளகும் பூண்டும் மணக்கும். நடுவில் வறட்டுப் பருப்பு தட்டுப்பட்டால் அது ஊறாத வடை. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர் இது. புட்டும் ரசவடையும் ஒரே சாயாக்கடையில் கிடைக்கிற பாக்கியம் அதனால் வந்தது.

3. மீன் சாப்பாடு கேட்குமுன் "இன்னைக்கு என்ன மீன், அண்ணாச்சி?" என்று கேள். நம் மாவட்டத்துக்கு இரண்டு கரை. சின்னமுட்டத்து விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், குளச்சல், முட்டம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டு கரையிலும் விசைப்படகு போகாது. அப்போது வள்ளக்காரர் கொண்டுவருகிற சாளையோ நெத்திலியோ இருந்தால் அதைச் சாப்பிடு. பெரிய மீன் துண்டு வந்தால், எங்கிருந்து வந்தது என்று கேட்க உனக்கு உரிமை உண்டு.

4. பெண்பிள்ளைகளே, இது உங்களுக்கு. ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு வந்த நான் ஒரு ஓட்டலில் தனியாகப் போய் நின்றேன். எனக்குப் பின்னால் வந்த ஆண்களுக்கெல்லாம் இலை விழுந்தது, எனக்கு விழவில்லை. பசியோடு ஊர் திரும்பினேன். அதன்பிறகு பல வருசம் டவுனில் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. அந்த வருசங்களை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது. நீங்கள் அப்படி இருக்கவேண்டாம். முதலில் ஒரு சாயா மட்டும் குடித்துப் பாருங்கள். முகம் பார்த்துப் பேசுகிற கடையாக இருந்தால் மறுநாள் தோசைக்குப் போங்கள். கழிப்பறை இருக்கிறதா என்று உட்காருமுன்பே கேளுங்கள். கேட்பதில் கூச்சம் ஒன்றும் இல்லை.

5. சூடான குழம்பைப் பிளாஸ்டிக் பையில் கட்டினால் வாங்காதே. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் அதற்குத் தடை. தூக்குவாளி கொண்டு போ.

6. கையில் காசு குறைந்த நாளில் ஒரு நன்னாரி சர்பத்தும் நாலு மட்டிப்பழமும் போதும். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கின நம் ஊர்ப் பழம் அது. வீட்டுக்கும் ஒரு சீப்பு வாங்கு. தோல் மெல்லிசு, பஸ்ஸில் கீழே வைத்தால் தடிக்காரன்கோணம் வருமுன் நசுங்கிவிடும். மடியில் வைத்துக்கொண்டு வா.