ராத்திரி இரண்டு மணிக்கு யார் இருப்பார்கள்?

2019 தொடக்கத்தில் என் எடை 118 கிலோ. உயரம் 158 செ.மீ. பி.எம்.ஐ. கணக்குப் போட்டால் 47. சர்க்கரைக்கு இரண்டு வேளை மாத்திரை. தூக்கத்தில் குறட்டை நின்று, மூச்சும் நின்று, திணறிக்கொண்டு எழுந்து உட்காருவேன். தஞ்சாவூரில் பள்ளி ஆசிரியை நான். மாடி வகுப்புக்கு ஏறினால் மேசையைப் பிடித்தபடி ஐந்து நிமிடம் நின்ற பிறகுதான் வருகைப் பதிவேட்டைத் திறக்க முடியும். எடைக்குறைப்பு ஆபரேஷன் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. யாரிடம் செய்துகொள்வது என்று முடிவெடுக்கத்தான் ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதத்தை வீண் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

முதலில் பார்த்த டாக்டரின் காத்திருப்பு அறையில் சுவர் முழுக்கப் படங்கள். ஆபரேஷனுக்கு முன், பின் என்று ஜோடி ஜோடியாக. உள்ளே எட்டு நிமிடம் பேசினோம். "ஸ்லீவ் பண்ணிடலாம்மா, நாலே நாள்ல வீட்டுக்குப் போயிடலாம்" என்றார். அங்கிருந்து நேராக கவுன்சலர் அறை. இந்த வாரத்துக்குள் அட்வான்ஸ் கட்டினால் இருபதாயிரம் குறையும் என்றார் அந்தப் பெண். என் கணவர் செக் புத்தகத்தை எடுத்தே விட்டார். வேண்டாம் என்று எழுந்துவிட்டேன். துணிக்கடைத் தள்ளுபடி மாதிரி வயிற்றை வெட்டும் விஷயத்தைப் பேசியது எனக்குப் பிடிக்கவில்லை.

முதல் டாக்டர் கேட்காமல் விட்ட கேள்வி எவ்வளவு பெரியது என்று மூன்றாவது டாக்டரிடம் போன பிறகுதான் தெரிந்தது. அவர் சென்னையில் இருந்தார். நாற்பது நிமிடம் என்னைப் பேசவிட்டார். நடுவில், "படுத்தா புளிச்ச தண்ணி தொண்டைக்கு வருதா?" என்றார். பத்து வருடமாக இரண்டு தலையணை வைத்துத்தான் படுக்கிறேன் என்றேன். அதை ஒரு நோயாக நான் எண்ணியதே கிடையாது. எண்டோஸ்கோப்பி பார்த்ததில் இரைப்பையின் மேல்பகுதி மார்புப் பக்கம் ஏறியிருந்தது, உணவுக்குழாயில் புண்ணும் இருந்தது.

மருந்துச் சீட்டின் பின்பக்கத்தைத் திருப்பி இரண்டு இரைப்பை வரைந்தார். ஒன்று ஸ்லீவ். முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயை மட்டும் விடுவது. வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. அந்தக் குறுகிய குழாயில் அழுத்தம் கூடுவதால், ஏற்கெனவே அமிலம் மேலே வருகிறவர்களுக்கு அது இன்னும் மோசமாகலாம். இன்னொன்று பைபாஸ். மேலே ஒரு சின்னப் பையை மட்டும் பிரித்துச் சிறுகுடலோடு இணைப்பது. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு இதுவே பொருத்தம். ஆனால் ஒதுக்கிவைத்த பெரிய இரைப்பையைப் பிறகு சாதாரண எண்டோஸ்கோப்பியால் எட்டிப் பார்க்க முடியாது. "பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி இதெல்லாம் ஆயுசு முழுக்க எடுக்கணும். முடியாதுன்னு தோணினா இப்பவே சொல்லிடுங்க, வேற வழி யோசிப்போம்" என்றார். அந்தச் சீட்டு இன்னும் என் ஃபைலில் இருக்கிறது.

அதனால் நான் முதலில் சொல்வது, ஒரே வகை ஆபரேஷனை மட்டும் செய்கிறவரிடம் போகாதீர்கள். அவருக்குத் தெரிந்ததைத்தான் உங்களுக்கும் செய்வார். ஸ்லீவ், பைபாஸ் இரண்டும் செய்பவரா, போன வருடம் ஒவ்வொன்றும் எத்தனை செய்தார் என்று கேளுங்கள். அந்த மருத்துவமனையில் எத்தனை நடந்தது என்றும் கேளுங்கள். நர்ஸ்களின் கைப்பழக்கமும் மயக்க மருந்து டாக்டரின் அனுபவமும் இதில் சேர்த்தி. அமெரிக்காவில் ஒரு மையத்துக்கு முழு அங்கீகாரம் தர வருடத்துக்கு 50 ஆபரேஷனாவது நடந்திருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. பதிவு எண்ணை மருத்துவக் கவுன்சில் இணையதளத்தில் சரிபார்ப்பது ஐந்து நிமிட வேலை. ஃபெலோஷிப் என்று பலகையில் இருந்தால் எங்கே, எத்தனை மாதம் என்று கேட்பதில் தப்பே இல்லை.

அடுத்த கேள்வி கேட்க எனக்கு வாய் வரவில்லை, எழுதி எடுத்துக்கொண்டு போனேன். தையலில் லீக் எத்தனை பேருக்கு வந்தது? யாராவது இறந்திருக்கிறார்களா? இரண்டாவதாகப் பார்த்த டாக்டர், "எங்ககிட்ட காம்ப்ளிகேஷனே கிடையாது" என்றார். அதோடு அவரிடம் போவதை விட்டேன். சென்னை டாக்டர் இரண்டு பேருக்கு லீக் ஆனதையும், அதில் ஒருவர் ஐந்து வாரம் படுத்திருந்ததையும், எப்படிச் சரிசெய்தார்கள் என்பதையும் சொன்னார். சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்தது. எனக்கு நம்பிக்கை வந்தது அப்போதுதான்.

லீக் பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில் வரும், சில சமயம் வீட்டுக்குப் போன பிறகும் வரும். வலிக்கு முன்னாலேயே நாடித்துடிப்பு ஏறலாம். ஆகவே ராத்திரி இரண்டு மணிக்கு மருத்துவமனையில் யார் இருப்பார்கள், ஐசியூவும் சிடி ஸ்கேனும் அதே கட்டடத்தில் இருக்கிறதா என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். 2024 ஏப்ரலில் புதுச்சேரி இளைஞர் ஒருவர் சென்னைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் இதே சிகிச்சைக்குப் போய் இறந்த செய்தி வந்தது. விசாரணைக்குப் பிறகு அந்த மருத்துவமனையின் பதிவைத் தற்காலிகமாக ரத்து செய்தார்கள். அந்தச் செய்தியை என்னால் முழுதாகப் படிக்க முடியவில்லை.

இன்ஷூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. எடைக்குறைப்பு சிகிச்சை பொதுவாக விலக்குப் பட்டியலில் இருக்கும். பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் என்றாலோ, 35 அல்லது அதற்கு மேல் இருந்து கட்டுப்படாத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சுத்திணறல் போன்றவை சேர்ந்திருந்தாலோ அந்த விலக்கு பொருந்தாது. டாக்டர் தரும் கடிதத்தில் இது எழுத்தில் இருக்க வேண்டும்.

எனக்கு ஆபரேஷன் 2019 நவம்பரில் நடந்தது. டிஸ்சார்ஜ் ஆனாலும் பத்து நாள் ஊருக்குப் போகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால், பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்கினோம். ஐந்தாம் நாள் ராத்திரி இரண்டு பத்துக்கு விழிப்பு வந்தது. நெஞ்சு படபடத்தது. விரலில் மாட்டும் கருவி 118 காட்டியது. கொடுத்த எண்ணுக்கு அழைத்தோம். டூட்டி டாக்டர் எடுத்தார், இரண்டு நிமிடத்தில் சர்ஜனே திரும்ப அழைத்தார். "காலைல பாக்கலாம்னு இருக்காதீங்க, உடனே கிளம்புங்க" என்றார். நான் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் அவரும் வந்துவிட்டார். மானிட்டர் ஓடிக்கொண்டிருக்க, தானும் என் மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணினார். ஸ்கேனில் லீக் இல்லை. தண்ணீர் போதுமான அளவு குடிக்காததால் உடம்பு வறண்டிருந்தது. இரண்டு பாட்டில் டிரிப்ஸ் ஏறியதும் அடங்கியது.

இப்போது என் எடை 76 கிலோ. நடுவில் 71 வரை போய்த் திரும்ப ஏறியது. வருடா வருடம் ரத்தப் பரிசோதனை உண்டு. போன முறை இரும்புச்சத்து இறங்கியிருந்ததை நான் பார்க்கும் முன்பே மருத்துவமனை டயட்டீஷியன் ஃபோன் செய்து சொன்னார். இத்தனை வருடம் கழித்தும் அழைக்கிற இடமா என்பதை, அங்கே மூன்று வருடத்துக்கு முன் ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடம் விசாரித்தால்தான் தெரியும். மூன்று மாதம் ஆனவர்கள் எல்லோருமே சந்தோஷமாகத்தான் இருப்பார்கள்.

போன வாரம் எங்கள் பள்ளிக்குப் புதிதாக வந்த கணக்கு டீச்சர், "உங்க டாக்டர் நம்பர் கொடுங்கக்கா" என்றார். கொடுக்கும் முன், "எத்தனை தலையணை வெச்சுப் படுக்கிறீங்க டீச்சர்?" என்று கேட்டேன். இரண்டு என்றார்.