எந்த இடத்துக்கு எந்தக் கேமரா

அன்புள்ள தம்பிக்கு,

சுமார் 50,000 ரூபாயில் டிஜிட்டல் கேமரா வாங்க எண்ணுபவர், கடைக்காரர் முதலில் சொல்லும் மெகாபிக்சல் கணக்கைக் கடைசியில் கேட்டுக்கொண்டால் போதும். மெகாபிக்சல் என்பது பத்து லட்சம் படப்புள்ளிகளைக் குறிப்பது. ஏ4 தாள் முழுக்க, அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற நேர்த்தியில் அச்சிடவே ஏறத்தாழ 9 மெகாபிக்சல்தான் தேவை என்பதால், 20-க்கு மேற்பட்ட எண்கள் தொலைவிலுள்ள பறவையை வெட்டிப் பெரிதாக்குபவருக்கன்றி மற்றவருக்குப் பெரிதாகப் பயன்படுவதில்லை.

பொருட்படுத்த வேண்டியது, ஒளியை வாங்கிப் படமாக்கும் சென்சாரின் பரப்பு. சிறிய கேமராக்களில் பரவலாக உள்ள 1/2.3 அங்குல வகைச் சென்சார் ஏறக்குறைய 28 சதுர மில்லிமீட்டர். லென்ஸ் மாற்றக்கூடிய நடுத்தரக் கேமராக்களின் ஏபிஎஸ்-சி சென்சாரோ, 23.5க்கு 15.6 மில்லிமீட்டர் என்ற அளவில், அதைப்போல் 13 மடங்கு. நன்மங்கலம் காட்டில் அந்தி சாயும்போது பாறை விளிம்புக்கு வரும் கொம்பன் ஆந்தையைச் சிறிய சென்சாரில் எடுத்தால், நாய்ஸ் எனப்படும் மணல்மணி போன்ற புள்ளிகளில் இறகின் வரிகள் கரைந்துபோகும். (நண்பகல் வெயிலில், 2022-இல் ராம்சர் எனும் பன்னாட்டு ஈரநிலத் தகுதி பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துப் பறவைகளை அடையாளம் காண மட்டும் விரும்புபவருக்கு, நீண்ட ஜூம் கொண்ட சிறிய சென்சார் கேமராவே சிக்கனம் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.)

அடுத்தது லென்ஸ், பணம் போக வேண்டிய இடமும் அதுவே. கேமராவோடு தரப்படும் 18-55 மில்லிமீட்டர் கிட் லென்ஸ் 55 மில்லிமீட்டரில் எஃப் 5.6 அளவுக்கே திறக்கும். தனியே விற்கும் 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். எஃப் எண் என்பது அப்பர்ச்சர் எனும் ஒளித்துளையின் அளவைக் காட்டுவது. எண் குறையத் துளை விரியும். 1937-இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த கிறித்தவக் கல்லூரி வளாகத்தின் மரநிழலில் காலை பத்து மணிக்கும் ஒளி மங்கியே இருப்பதை அறிந்தவருக்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996), பல பாகங்களை இணைத்துத் தாமே அமைத்துக்கொண்ட கேமராவால் கறுப்பு வெள்ளையில் யானைகளைப் படமெடுத்தார் என்பதை, புது மாடல் வரும் ஒவ்வொரு முறையும் தம்பி நினைத்துக்கொள்ளலாம்.

ஆதலால், பழைய ஏபிஎஸ்-சி கேமரா ஒன்றும் புதிய லென்ஸ் ஒன்றும் என்ற பங்கீடே 50,000 ரூபாய்க்குப் பொருந்தும். செகண்ட் ஹேண்ட் கேமராவில் ஷட்டர் எனும் ஒளித்திரை எத்தனை முறை இயங்கியுள்ளது என்பதைக் கேட்டறிய வேண்டும். தொடக்கநிலைக் கேமராக்களுக்குப் பொதுவாக ஒரு லட்சம் முறை என்பது அதன் ஆயுள் கணக்கு. சொந்த மெமரி கார்டைக் கொண்டுபோய், கடையின் இருண்ட மூலையைப் படமெடுத்து, வீட்டுக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்த பின்னரே விலை பேசுவது நல்லது. லென்ஸும் பழையதாக இருந்தால், அதன் ஒருபுறம் டார்ச் அடித்து மறுபுறம் பார்க்க வேண்டும். சிலந்தி வலைபோல் இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை, சென்னையின் ஈரக்காற்று தந்தது. ஏரி சூழ்ந்த சேலையூர் வீட்டில் ஐப்பசி, கார்த்திகை மழையின்போது கேமராவைத் தோல் பையில் வைக்காமல், இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்க வேண்டும். அரிசிக்குள் புதைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு, ஆனால் அதன் மாவுத்தூள் லென்ஸ் வளையங்களில் புகுந்துவிடும்.

அன்புடன்,
சேலையூரிலிருந்து பெரியப்பா