குழல் விளக்கில் பழுது எங்கே?

திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கேரள மாநில மின்சார வாரியம், 2018ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட ஊர்ஜா கேரளத் திட்டங்களின் வாயிலாக, இழை பல்புகளுக்குப் பதில் எல்.ஈ.டி. விளக்குகளைப் பரப்ப முற்பட்டது. எனினும் பழைய கட்டடங்களில் குழல் விளக்குகளை இன்னும் காணலாம். அவை எரியாதபோது நல்ல குழலையே கழற்றி எறிந்துவிடுவதுண்டு. குழலினுள் பாதரசம் இருத்தலால் இது வீண் செலவு மட்டுமன்று, தீங்குமாகும்.

பழுதை அறியுமுன் விளக்கு எரியும் முறையை அறிதல் வேண்டும். சுவிட்சைப் போட்டவுடன் ஸ்டார்ட்டரிலுள்ள வாயு ஒளிர்கிறது. அவ்வெப்பத்தால் அதிலுள்ள ஈருலோகத் தகடு வளைந்து மின்சுற்றை மூட, குழலின் இரு முனைகளிலுமுள்ள இழைகள் சூடேறுகின்றன. பின்னர் தகடு குளிர்ந்து விலகுகிறது. அக்கணமே சோக்கில் எழும் பல நூறு வோல்ட் அழுத்தத்தால் குழல் எரியத் தொடங்குகிறது. அதன்பின் ஸ்டார்ட்டருக்கு வேலையில்லை. மின்னோட்டம் மிகாதபடி காப்பது சோக்கே.

முனைகள் மட்டும் ஒளிர்ந்து நடுப்பகுதி இருண்டிருப்பின், ஸ்டார்ட்டரின் தகடுகள் ஒட்டிக்கொண்டன எனலாம். அதையே மாற்றுதல் வேண்டும். விளக்கு விட்டுவிட்டு மினுக்கினாலும் முதலில் மாற்றத்தக்கது ஸ்டார்ட்டரே. அதன் பின்னும் மினுக்கி, முனைகளும் கறுத்திருப்பின் குழலின் ஆயுள் முடிந்தது எனக் கொள்ளலாம். சிறிதும் ஒளி இல்லையெனில் பிடிப்பான்களை நோக்குக. திருவனந்தபுரம் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றால் அவற்றின் தொடுமுனைகளில் களிம்பேறுதல் இயல்பு. அவை தூய்மையாயிருப்பின், நன்கு எரியும் வேறொரு விளக்கில் குழலையும் ஸ்டார்ட்டரையும் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கலாம். இரண்டும் நல்லவையாயின் சோக்கையும் கம்பிகளையும் மின்பணியாளர் சோதிக்க வேண்டும்.

மெயின் சுவிட்சை அணைத்த பின்னரே விளக்கைத் தொடுதல் வேண்டும். குழலை இரு கைகளாலும் பற்றி, கால் வட்டம் திருப்பினால் அது கழன்றுவரும்.

குழல் உடைந்துவிட்டால் மாணவரை உடனே வெளியேற்றி, சன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும். கால் மணி நேரத்திற்குப் பின் துண்டுகளைத் துடைப்பத்தால் கூட்டாமல், தடித்த அட்டையால் வாரி மூடியுள்ள கலத்தில் இடுதல் நன்று. உடையாத பழைய குழல்களும் மின்னணுக் கழிவைச் சேர்ந்தவையே. குப்பைத் தொட்டிக்கு உரியவை அல்ல.

பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023இல் ஜெனீவாவில் கூடி, பொது ஒளியூட்டலுக்கான நேர்க்குழல் விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027ஆம் ஆண்டு முடிவிற்குள் நிறுத்தத் தீர்மானித்தன. இருக்கின்ற குழல்களை ஆயுள் முழுதும் பயன்படுத்தி, உடையாமல் உரிய இடத்தில் சேர்ப்பிப்பதே அவற்றைப் பேணுவோரின் கடமையாகும்.