உறவுமுறைக்கு மறைமுகச் சான்று: பதிந்து வைக்கும் முறை

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோர் பலருக்குப் பிறப்புப் பத்திரம் கிடையாது. பிறப்பைப் பதியாத பெற்றோர் சிலர். பதிந்தும் தாளைத் தொலைத்தவர் சிலர். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் சயாம் இரயில் பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்ட தோட்டத் தொழிலாளர் பலர் திரும்பி வரவே இல்லை. பிற்காலத்தில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், சிரம்பான், நீலாய் வட்டாரங்களில் இரப்பர்த் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோதும் அலுவலக ஏடுகள் சிதறின.

இது வெறும் குலப்பெருமை பற்றிய செய்தியன்று. காலந்தாழ்த்திப் பிறப்பைப் பதியவோ குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவோ முற்படும் குடும்பத்திற்கு, இன்னார் பிள்ளை இன்னார் என்று காட்டுவது இன்றியமையாதது. பெற்றோர் முறையாக மணம் புரிந்தவரா என்பதும் அங்கே கேட்கப்படும். 1976-ஆம் ஆண்டின் திருமணச் சட்டம் 1982 மார்ச் 1-ஆம் நாள் நடப்புக்கு வந்தது. அதற்கு முன் வழக்கப்படி நடந்த திருமணத்தையும் அச்சட்டம் ஏற்கிறது. ஆயின், மாரியம்மன் சந்நிதியில் தாலி கட்டியவர் கையில் தாள் ஏது?

"இவர் தாய் இவர்" என்று வெளிப்படையாகக் கூறும் ஆவணம் நேர்ச் சான்று. அவ்வாறு கூறாவிடினும், வேறு செய்திகளோடு சேர்த்துப் பார்க்கும்போது அவ்வுறவை உணர்த்துவது மறைமுகச் சான்று. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம்.

ரந்தாவ் அருகே ஒரு தோட்டத்தில் பிறந்த முதியவர் ஒருவரின் தாய் முனியம்மா என்று குடும்பத்தார் நம்புகின்றனர் என வைத்துக் கொள்வோம். தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் சிறுவனின் பொறுப்பாளர் என முனியம்மாவின் பெயர் இருக்கிறது. தோட்டத்துச் செக்ரோலில் பால்வெட்டு வேலையாளாக ஒரு முனியம்மா காணப்படுகிறார். முதியவரின் திருமண மொய்ப் புத்தகத்தில் முதல் வரியாகத் தாய்மாமன் சீர் எழுதப்பட்டிருக்கிறது. அம்மாமனுடைய தந்தையின் பெயரும், முனியம்மாவின் அடையாளக் கார்டில் உள்ள தந்தையின் பெயரும் ஒன்றே. முனியம்மா இறந்தபோது கொள்ளி வைத்தவரும் இம்முதியவரே.

தனித்தனியே நோக்கின் இவற்றுள் எதுவும் முடிவானதன்று. பொறுப்பாளர் வளர்த்தவராக இருக்கலாம். போருக்குப்பின் தந்தையற்ற பிள்ளைகளை அடுத்த வீட்டார் வளர்த்ததைத் தோட்ட மக்கள் அறிவர். ஒரே தோட்டத்தில் இரண்டு முனியம்மா இருப்பதும் வியப்பன்று. மொய்ப் புத்தகமே இங்கு வலிமை மிக்கது. ஏனெனில் தாய்மாமன் சீரைத் தாயின் உடன்பிறந்தான்தான் செய்வான். அவன் இல்லாவிடில் அம்முறைக்கு உரிய வேறொருவர் செய்வார். மாமனும் முனியம்மாவும் ஒரு தந்தையின் மக்களாயின், முனியம்மா தாயாவதற்குப் பெரிதும் இடமுண்டு.

இங்கேதான் பலர் அவசரப்படுகின்றனர். முனியம்மாவுக்கு அக்காள் ஒருத்தி இருந்து, பிள்ளையைப் பெற்று இறந்து, தங்கை அப்பிள்ளையை வளர்த்திருந்தால்? மேற்கூறிய சான்றுகள் யாவும் அப்படியே பொருந்தும்; தாய் மட்டும் மாறிவிடுவார். ஆதலால் வேறு உடன்பிறந்தாள் இருந்தாளா என்று தேடியதையும், தேடிக் கிடைத்ததையும் கிடைக்காததையும் எழுதி வைத்தல் வேண்டும்.

இக்காலத்தில் இத்தகைய குறிப்புகளை ஒழுங்குபடுத்தக் கணினியில் வமிசவழி மென்பொருள்கள் உள்ளன. அவற்றுள் கிராம்ப்ஸ் என்பது இலவசமாகக் கிடைப்பது. அதில் ஒரு பிள்ளையைக் குடும்பத்தில் சேர்த்தவுடன், தாயோடும் தந்தையோடும் உள்ள உறவு "பிறப்பு" என்றே தானாக அமைந்துவிடும். சான்று முழுமை பெறும்வரை அதனை "தெரியாது" என மாற்றி வைப்பதே நேர்மை. வளர்ப்புப் பிள்ளை, தத்துப் பிள்ளை என்பனவும் அப்பட்டியலில் உண்டு. பள்ளிப் பதிவேடு, செக்ரோல், மொய்ப் புத்தகம், அடையாளக் கார்டு, இறப்புச் செய்தி ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனிச் சான்றாகப் பதிந்து, ஒவ்வொன்றுக்கும் நம்பகத்தன்மை குறிக்க வேண்டும். "மிகக் குறைவு" தொடங்கி "மிக உயர்வு" ஈறாக ஐந்து படிகள் உள்ளன. பின்னர், இவற்றைக் கொண்டு எவ்வாறு முடிவுக்கு வந்தோம் என்பதை ஒரு குறிப்பாக எழுதி, அந்தத் தாய்-பிள்ளை உறவோடு இணைத்துவிடலாம். நாளை புதிய தாள் ஒன்று கிடைப்பின், எந்தப் படி தளர்ந்தது என்பதைப் பேரப்பிள்ளையும் கண்டுகொள்வான்.

உறவுச் சொல்லை ஆங்கிலமாக்கிப் பதிதல் பெருந்தவறு. மாமா, சித்தப்பா, பெரியப்பா மூவரையும் "அங்கிள்" என்று தட்டெழுதினால், மாமன் என்ற சொல்லில் அடங்கிய சான்று அழிந்துபோகும். மூத்தவர் "பெரியம்மா" என்றால் தாயின் அக்காளா, பெரியப்பாவின் மனைவியா, தந்தையின் முதல் தாரமா என்று அப்பொழுதே கேட்டறிக. லயத்தில் உறவற்றவரையும் அண்ணன், அக்கா என்றழைப்பது நம் வழக்கமாதலால், அழைத்த முறை மட்டும் சான்றாகாது.

முதியோர் நினைவும் காலத்தை வரையறுக்க உதவும். "இராஜுலா கப்பலில் வந்தேன், செலவு ஏதும் நாங்கள் கொடுக்கவில்லை" என்று ஒரு பாட்டி கூறினால், அக்கப்பல் ஓடத் தொடங்கிய 1926-க்கு முன் அவர் வந்திருக்க முடியாது. மலாயாவுக்கு உதவிப்பயணத்தில் தொழிலாளர் வருவதை இந்திய அரசாங்கம் 1938-இல் தடைசெய்தது. ஆகவே அதற்குப் பின்னும் வந்திருக்கமாட்டார். அவர் கூறிய நாள், இடம், உடனிருந்தோர் ஆகியவற்றையும் குறித்திடுக.

கணினியில் அச்சிட்ட வமிசப் படத்தை மட்டும் பதிவு இலாகாவுக்கு எடுத்துச் செல்வதில் பயனில்லை. மூலத் தாள்களும் உடன் செல்ல வேண்டும். ஆதலால் அவற்றைப் பத்திரப்படுத்தி, படமும் எடுத்து வைத்துக் கொள்க. மொய்ப் புத்தகமாயின் அட்டையையும் சேர்த்துப் படமெடுக்க வேண்டும். மணநாளும் மணமக்கள் பெயரும் சில வேளை அட்டையில் மட்டுமே இருக்கும்.