ஆரக்கிளின் நினைவில் தங்கும் கட்டளைகள்

அன்புள்ள யாழினி,

டேட்டாபேஸ் திடீரென்று மந்தமானால் யார் காரணம் என்று எப்படிப் பிடிப்பது எனக் கேட்டிருந்தாய். ஆரக்கிளிலேயே அதற்கு விடை இருக்கிறது.

ஒரு எஸ்கியூஎல் கட்டளை வந்ததும் ஆரக்கிள் அதன் இலக்கணம் சரியா, அந்த டேபிள் உண்டா, கேட்பவருக்கு உரிமை உண்டா என்று பார்க்கும். பிறகு தரவை எந்த வழியில் எடுப்பது என்று திட்டம் போடும். ஒவ்வொரு முறையும் இதைச் செய்தால் கட்டுப்படியாகாது. அதனால் கட்டளையையும் திட்டத்தையும் ஷேர்டு பூல் என்ற நினைவகப் பகுதியில் வைத்துக்கொள்ளும். அதே கட்டளை மறுபடி வந்தால் பழைய திட்டமே போதும். ஆனால் ஓர் இடைவெளி கூடினாலும் ஆரக்கிளுக்கு அது வேறு கட்டளை.

நினைவகத்தில் இருக்கும் கட்டளைகளை வி$எஸ்கியூஎல் என்ற வியூவில் பார்க்கலாம். ஆயிரக்கணக்கில் வந்து கொட்டும். முதலில் உங்கள் ஸ்கீமாவின் பெயரை வைத்து வடிகட்டு. ஆரக்கிள் தனக்காக ஓட்டிக்கொள்ளும் கட்டளைகள் விலகிவிடும். பிறகு டேபிள் பெயரை லைக் போட்டுத் தேடு. நீ இப்போது எழுதிய தேடலும் அந்தப் பட்டியலில் வந்து நிற்கலாம், பயப்படாதே. எஸ்கியூஎல் டெக்ஸ்ட் என்ற பத்தியில் முதல் 1000 எழுத்துகள்தான் இருக்கும். நீளமான கட்டளை என்றால் எஸ்கியூஎல் ஃபுல்டெக்ஸ்ட் பத்தியில் தேடு.

இனிதான் நிதானம் வேண்டும். எலாப்ஸ்டு டைம் என்ற பத்தி மைக்ரோசெகண்டில் இருக்கும், அதுவும் எல்லா ஓட்டங்களும் சேர்ந்த கூட்டுத்தொகை. ஓடிய தடவைகளைச் சொல்லும் எக்ஸிக்யூஷன்ஸ் பத்தியால் வகுத்துச் சராசரி பார்ப்பதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். இரவில் ஒரே தடவை, 40 நொடி ஓடிய அறிக்கை உச்சியில் வந்து உட்காரும். அதைத் திருத்தப் போய்விடுவார்கள். 3 மில்லிசெகண்டில் முடியும் ஒரு சின்னக் கட்டளை 20 லட்சம் தடவை ஓடியிருந்தால் மொத்தம் 6000 நொடி, அதாவது 1 மணி 40 நிமிடம். சராசரிப் பட்டியலில் அது கண்ணிலேயே படாது. நான் எப்போதும் கூட்டுத்தொகையை வைத்தே முதலில் வரிசைப்படுத்துவேன்.

இரண்டு பட்டியலிலும் சிக்காத ஒரு வகை உண்டு. பைண்ட் வேரியபிள் வைக்காமல், வாடிக்கையாளர் எண்ணைக் கட்டளைக்குள்ளேயே ஒட்டி அனுப்பும் புரோகிராம். 101க்கு ஒரு கட்டளை, 102க்கு இன்னொன்று. ஒவ்வொன்றும் ஒரே தடவை ஓடியதாகக் காட்டும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் புதிதாகத் திட்டம் போட வேண்டியிருக்கும். ஃபோர்ஸ் மேட்சிங் சிக்னேச்சர் என்ற பத்தியை வைத்துக் குரூப் பை போட்டு எண்ணிப் பார். எண்களில் மட்டும் வேறுபடும் கட்டளைகளுக்கு அந்தச் சிக்னேச்சர் ஒன்றேதான். ஒரே சிக்னேச்சரின்கீழ் ஆயிரம் கட்டளை நின்றால் ஆள் கிடைத்தது என்று வைத்துக்கொள்.

இடம் போதாவிட்டால் நெடுநேரம் தொடப்படாதவற்றை ஆரக்கிள் வெளியே தள்ளிவிடும். ரீஸ்டார்ட் செய்தால் எல்லாமே போய்விடும். அதனால் மந்தமாக இருக்கும்போதே பார். யாராவது "ஷேர்டு பூலை ஃப்ளஷ் பண்ணிடலாமா?" என்று கேட்டால், சரி சொல்வதற்கு முன் வி$எஸ்கியூஎல் பட்டியலை ஒரு டேபிளில் காப்பி எடுத்து வைத்துக்கொள்.

அன்புடன்,
சித்தப்பா