வீடும் கடனும்: நம் வியாபாரிகளுக்குச் சில யோசனைகள்



சுங்கை வே, பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் ஆகிய இடங்களில் கடை வைத்து ஜீவனம் நடத்தும் நம்மவரில் பலருக்குச் சொந்த வீடு உண்டு. 1972ஆம் ஆண்டில் சுங்கை வேயில் தடையற்ற வாணிப வட்டாரம் அமைந்தது. தொழிற்சாலைகள் வந்தன; தொழிலாளர்கள் பெருகினர்; அவர்களை நம்பிச் சாப்பாட்டுக் கடைகளும் மளிகைக் கடைகளும் நடந்தன. ஊரின் பெயர் செரி செத்தியா என்று மாறிய பிறகும் நமக்கு அது சுங்கை வேதான். அன்று வாங்கிய வீடுகளின் விலை இன்று பன்மடங்கு ஏறி நிற்கிறது.

ஆனால் விலை ஏறிய வீடே சிலருக்குச் சோதனையாகவும் ஆகிவிட்டது. கடைக்கு முதல் போதவில்லையென்றால் வீட்டை அடமானம் வைப்பது, மகளின் கல்யாணத்துக்குத் தனிநபர் கடன் வாங்குவது, சரக்குக்குக் கிரெடிட் கார்டைத் தேய்ப்பது, அந்தக் கார்டை அடைக்க இன்னொரு கார்டு எடுப்பது என்று கடன் வளர்கிறது. வெளியில் வீட்டுக்காரர், உள்ளுக்குள் கடனாளி. இந்த நிலையில் இருப்பவர் என்ன செய்வது என்பதை இங்கு ஆராய்வோம்.

நாம் சொல்ல விரும்புவதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கடனை மறைப்பவர் காலப்போக்கில் வீட்டையும் இழப்பார், மானத்தையும் இழப்பார். நேரத்தோடு கணக்கைத் திறந்து காட்டுபவருக்கு வீடே கைகொடுக்கும்.

ஸுபைர் (ரலி) அவர்களின் வீடுகளும் கடனும்

இதற்கு நம் சரித்திரத்திலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. ஸஹீஹுல் புகாரியில் விரிவாகப் பதிவாகியுள்ள செய்தி அது. சுவர்க்கத்தின் நற்செய்தி பெற்ற பதின்மரில் ஒருவரான ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 36இல் (கி.பி. 656) ஜமல் போரின்போது கொல்லப்பட்டார்கள். அவர்கள் பொன்னும் வெள்ளியுமாக எதையும் விட்டுச் செல்லவில்லை. மதீனாவில் பதினொரு வீடுகளும், பஸராவில் இரண்டும், கூஃபாவில் ஒன்றும், எகிப்தில் ஒன்றும், அல்காபா என்னும் நிலமும் இருந்தன. கடனோ இருபத்திரண்டு லட்சம்.

இவ்வளவு கடன் ஊதாரித்தனத்தால் வந்ததன்று. மக்கள் தங்கள் பணத்தை அமானிதமாக வைக்க வருவார்கள். அமானிதம் தொலைந்துபோனால் அவர்களுக்கு நஷ்டமாகுமே என்று அஞ்சி, அதைத் தம் பொறுப்பில் கடனாகவே ஏற்றுக்கொள்வார்கள் ஸுபைர் (ரலி) அவர்கள். போர் நடந்த அன்று தம் மகன் அப்துல்லாஹ்வை அழைத்து, தமது பெருங்கவலை கடனே என்று சொல்லி, சொத்தை விற்றுக் கடனை அடைக்கும்படி வஸிய்யத் செய்தார்கள்.

மகனார் செய்ததைக் கவனியுங்கள். சொத்தை அவசரப்பட்டுக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடவில்லை. அல்காபா நிலம் ஒரு லட்சத்து எழுபதினாயிரத்துக்கு வாங்கப்பட்டது. அதைப் பங்கு பங்காகப் பிரித்து, பதினாறு லட்சத்துக்கு விற்றார்கள். கடன் கொடுத்தவர்களைப் பகிரங்கமாக அழைத்தார்கள். நான்கு லட்சம் வரவேண்டியிருந்த ஒருவர் தாமே முன்வந்து அதைத் தள்ளுபடி செய்வதாகச் சொன்னபோதும் ஏற்கவில்லை. தெரிந்த கடன்கள் தீர்ந்ததும் வாரிசுகள் பாகம் கேட்டார்கள். அப்போதும் அவசரப்படாமல், நான்கு வருஷங்கள் ஹஜ்ஜுடைய காலத்தில், தம் தந்தையிடம் வரவேண்டியவர்கள் வரலாம் என்று அறிவித்த பிறகே பாகம் பிரித்தார்கள்.

இதில் மூன்று பாடங்கள் உள்ளன. ஒன்று, கடனை வீட்டாருக்குச் சொல்லிவிட வேண்டும். இரண்டு, சொத்தை உடையவன் கையாலேயே, உரிய விலைக்கு விற்க வேண்டும். மூன்று, கடன் கொடுத்தவரை நாமே தேடிச் செல்ல வேண்டும். இன்றைய மலேசியச் சட்டத்திலும் கடனாளிக்கு வழி திறப்பது இந்த மூன்றுமே.

முதற்காரியம்: பேரேடு

கடனை எழுதி வைக்குமாறு திருக்குர்ஆனின் மிக நீண்ட ஆயத்து (அல்பகரா 282) கட்டளையிடுகிறது. ஆகவே ஒரு நாள் கடையை அடைத்த பின் வீட்டில் மனைவியோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதுங்கள். யாருக்கு, எவ்வளவு, மாதம் என்ன கட்ட வேண்டும், எத்தனை மாதம் பாக்கி, எதற்கு எது ஜாமீன் என்று ஐந்து பத்திகள் போதும். வீட்டுக் கடன், கார் தவணை, கிரெடிட் கார்டு, சரக்குப் பாக்கி, உறவினரிடம் வாங்கிய கைமாற்று எதுவும் விடுபடக் கூடாது. கடைக் கணக்கும் வீட்டுக் கணக்கும் ஒரே கல்லாவில் கலந்திருந்தால் அன்றே பிரித்துவிடுங்கள்.

எழுதியபின் வட்டியைப் பாருங்கள். கிரெடிட் கார்டில் வருஷத்துக்கு நூற்றுக்கு 18 வரை போகும். 20,000 வெள்ளி பாக்கி நின்றால் வருஷத்துக்கு 3,600, மாதத்துக்கு 300 வெள்ளி. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுகிறவரின் பணத்தில் ஒரு பங்கு இதற்கே போய்விடுகிறது. முதல் சிறிதே குறைகிறது. ஹராம் என்று ஒதுக்க வேண்டியதை, கணக்குப் பார்த்தாலும் ஒதுக்கத்தான் வேண்டியிருக்கிறது.

வீட்டைக் காக்கும் வழிகள்

வருமானம் குறைவாக இருக்கும்போது, சாப்பாட்டுக்கு அடுத்தபடி வீட்டுத் தவணையைக் கட்டுங்கள். சத்தம் போட்டுக் கேட்பவருக்கு முதலில் கொடுப்பதே நம் வழக்கமாக இருக்கிறது. வீட்டை அடமானம் பிடித்த பாங்கி சத்தம் போடாது, நோட்டீஸ் அனுப்பும். அதன் பின் நிலப்பட்டாவின் வகையைப் பொறுத்து உயர் நீதிமன்றத்தின் மூலமோ நில அலுவலகத்தின் மூலமோ ஏலம் வரும்.

தவணை தவறுவதற்கு முன்பே பாங்கிக்குச் சென்று, தவணைக் காலத்தை நீட்டவோ தொகையைக் குறைக்கவோ எழுத்தில் கேளுங்கள். பல பாங்கிகளில் கடன் இருந்தால் ஏ.கே.பி.கே. என்னும் கடன் ஆலோசனை நிர்வாக நிறுவனத்தை நாடுங்கள். பாங்க் நெகாரா 2006ஆம் ஆண்டில் அமைத்தது அது. ஆலோசனைக்குக் கட்டணம் கிடையாது. உங்கள் வரவு செலவைப் பார்த்து, பாங்கிகளோடு பேசி, எல்லாவற்றுக்குமாக மாதம் ஒரே தொகையாகக் கட்டும்படி ஏற்பாடு செய்வார்கள். திவால் ஆகாதவராகவும், குடும்பச் செலவு போகச் சிறிதேனும் மிச்சமாகும் வருமானம் உடையவராகவும் இருக்க வேண்டும். சிறு வியாபாரங்களின் கடனைச் சீரமைக்கும் திட்டமும் அங்கே உண்டு. இந்த ஏற்பாட்டில் இருக்கும்போது புதிய கடன் கிடைப்பது அரிது. அதுவும் நன்மைக்கே.

சரக்குக் கொடுத்தவரும் கைமாற்றுக் கொடுத்தவரும் இதில் சேரமாட்டார்கள். எல்லாக் கடன்காரரோடும் ஒரே உடன்பாடு செய்துகொள்ள 2017ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் வேறொரு வழி வைத்திருக்கிறது. தகுதிபெற்ற கணக்கர் அல்லது வழக்கறிஞர் மூலம் யோசனை தயாரித்து, நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவு பெற்றால், 90 நாட்கள் பாதுகாப்புக் கிடைக்கும். அதற்குள் கடன்காரர்களின் சம்மதம் பெற வேண்டும். வீட்டை அடமானம் பிடித்த பாங்கியின் உரிமை மட்டும் அதன் சம்மதமின்றி மாறாது.

ஊழியர் சேமநிதியில் பணம் இருப்பவர், 2024 மே மாதம் முதல் செஜாத்தெரா கணக்கு எனப்படும் பகுதியிலிருந்து எடுத்து வீட்டுக் கடனைக் குறைக்கலாம். அவசரத்துக்கு நகை வைக்க வேண்டுமானால், திரெங்கானுவில் 1992இல் தொடங்கிப் பின் நாடெங்கும் பரவிய அர்ரஹ்னு முறை இருக்கிறது. அங்கே வட்டி இல்லை. நகையைப் பாதுகாக்கும் கூலி உண்டு. ஆனால் நகை மனைவியின் உடைமை. அவர் மனமொப்பித் தந்தால்தான் தொடலாம்.

விற்கத்தான் வேண்டுமானால்

இத்தனையும் பார்த்தபின் வருமானம் தவணைக்குப் போதாது என்று பேரேடு சொன்னால், வீட்டை விற்பதில் வெட்கம் இல்லை. ஏலத்துக்கு விடுவதில்தான் நஷ்டம். ஓர் உதாரணக் கணக்குப் பார்ப்போம்.

வீட்டின் விலை 450,000 வெள்ளி. வீட்டுக் கடன் பாக்கி 220,000. மற்றக் கடன்கள் 140,000. உடையவரே விற்றால், வீட்டுக் கடன் போக 230,000 வரும். தரகு, வழக்கறிஞர் செலவுக்கு 15,000 என்று வைத்தால் மிச்சம் 215,000. மற்றக் கடன்களையும் அடைத்தபின் 75,000 வெள்ளி கையில் நிற்கும். வாடகை வீட்டுக்கும் கடைக்கும் அது ஆதாரம்.

அதே வீடு ஏலத்துக்குப் போகிறது. இரண்டு முறை எடுப்பாரின்றி, ஒவ்வொரு முறையும் நூற்றுக்குப் பத்து குறைந்தால் விலை 364,500. வீட்டுக் கடனும், ஏறிய வட்டியும் வழக்குச் செலவுமாக 25,000 வெள்ளியும் போனால் மிச்சம் 119,500. மற்றக் கடன்களுக்கு 20,500 வெள்ளி போதாது. வீடும் இல்லை, கடனும் தீரவில்லை. ஏல விலை வீட்டுக் கடனுக்கே போதாவிட்டால், மீதியையும் பாங்கி கேட்கும்.

ஏலம் முடிவதற்கு முன் எந்த நேரத்திலும் முழுப் பாக்கியையும் கட்டி வீட்டை மீட்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் கடைசி வாரத்தில் வாங்குபவர் கிடைப்பதில்லை. மேலும், பெட்டாலிங் ஜெயா வட்டாரத்தில் 99 ஆண்டுக் குத்தகை நிலங்கள் நிறைய உள்ளன. கைமாற்ற மாநில அரசின் சம்மதம் வேண்டும் என்று பட்டாவில் எழுதியிருந்தால், அதற்கே மாதங்கள் ஆகும். ஆகையால் விற்பவர் முன்கூட்டியே தொடங்க வேண்டும். 2022 முதல், ஐந்து வருஷங்களுக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்கும் குடிமக்களுக்கு நில இலாப வரி கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

செய்யக் கூடாதவை

வீட்டை மனைவி மக்கள் பெயருக்கு இரவோடிரவாக மாற்றாதீர்கள். திவாலுக்கு முந்திய இரண்டு வருஷங்களில் செய்த இனாம் செல்லாது. ஐந்து வருஷங்களுக்குள் செய்ததும், அப்போது எல்லாக் கடனையும் தீர்க்க வசதி இருந்தது என்று காட்டாவிட்டால் நில்லாது. பிறர் உரிமையை மறைக்கும் ஹிபா அல்லாஹ்விடமும் செல்லாது.

ஆலோங்கிடம் போகாதீர்கள். 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரரே வருஷத்துக்கு, ஜாமீன் உள்ள கடனுக்கு நூற்றுக்கு 12, இல்லாததற்கு 18 என்பதற்கு மேல் வாங்கக் கூடாது. கூட்டுப் பிடித்துக் கடன் அடைக்கலாம் என்றும் எண்ணாதீர்கள். கூட்டு நடத்தும் தொழிலை 1971லேயே சட்டம் தடுத்துவிட்டது.

கார்டுக் கடன்களையெல்லாம் சேர்த்து வீட்டின் மேல் ஏற்றும் யோசனையை நூறு முறை சிந்தியுங்கள். மாதத் தவணை குறையும். ஆனால் வீட்டோடு சம்பந்தமில்லாதிருந்த கடன் அன்று முதல் வீட்டைப் பிடித்துக்கொள்ளும். கார்டுகளை வெட்டிப் போடாதவர் இதைச் செய்தால் இரண்டு வருஷத்தில் இரண்டு கடனும் இருக்கும்.

பிறருடைய கடைக் கடனுக்கு முகத்துக்காக ஜாமீன் நிற்காதீர்கள். குடியிருக்கும் வீடு, சொந்த உபயோகத்துக்கான வாகனம், கல்வி ஆகியவற்றின் கடனுக்கு இலாபம் கருதாமல் ஜாமீன் நின்றவரைத் திவாலாக்க முடியாதென்று 2017ஆம் ஆண்டின் திருத்தம் காப்பாற்றுகிறது. வியாபாரக் கடனுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

கடிதங்களைப் பிரிக்காமல் மேஜை அறையில் போடாதீர்கள். 2021 முதல் 100,000 வெள்ளிக்குக் குறைந்த கடனுக்கு ஒருவரைத் திவாலாக்க முடியாது; அதற்கு மேற்பட்டால் முடியும். திவாலானவர் அனுமதியின்றி நாட்டை விட்டுப் போக முடியாது. ஹஜ்ஜுக்கோ, உம்ராவுக்கோ, ஊரில் தாயின் மையித்தைப் பார்க்கவோ போக ஓர் அதிகாரியின் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டும். அனுமதியின்றித் தனியாகவோ பங்காகவோ வியாபாரமும் செய்ய முடியாது. வியாபாரிக்கு இதைவிட என்ன இழப்பு?

கொடுத்தவர் கடமையும் ஜமாஅத்தின் கடமையும்

கடன் கொடுத்தவருக்கும் ஒரு வார்த்தை. கஷ்டத்தில் இருப்பவருக்கு வசதி வரும்வரை தவணை தருவதையும், தர்மமாக விட்டுவிடுவது அதைவிட மேலானது என்பதையும் அல்பகராவின் 280ஆம் ஆயத்து நமக்குப் போதிக்கிறது. சரக்குப் பாக்கிக்காரர் தாமே வந்து கணக்கைக் காட்டினால், கடை வாசலில் நின்று அவரை அவமானப்படுத்தாதீர்கள். கடை நடந்தால்தான் உங்கள் பாக்கி வரும்.

ஸக்காத் பெறத் தகுந்த எட்டுப் பிரிவினரில் கடன்பட்டோரும் ஒருவர் (தவ்பா 60). ஆகுமான தேவைக்குக் கடன்பட்டுத் தவிப்பவர் சிலாங்கூர் ஸக்காத் வாரியத்தில் மனுச் செய்யலாம். விசாரித்து முடிவு செய்வார்கள். மனு எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுப்பதும், பாங்கிக்குத் துணையாகச் செல்வதும், கேட்ட இரகசியத்தைக் காப்பதும் ஜமாஅத்தில் படித்த பிள்ளைகள் செய்யக்கூடிய ஸதக்கா.

சகோதரர்களே! ஜனாஸா கொண்டுவரப்பட்டால், மையித்துக்குக் கடன் உண்டா என்று நாயகம் (ஸல்) அவர்கள் விசாரித்த காலம் இருந்தது. நாம் இருக்கும்போதே அந்தக் கேள்விக்குப் பதில் எழுதி வைப்போம். பேரேடு இன்றிரவே தொடங்கட்டும். வல்ல அல்லாஹ் கடனின் பாரத்திலிருந்து நம் எல்லோரையும் காத்து, ஹலாலான வருமானத்தில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.