முதுமை மட்டும்தானா?



பெருங்குடியிலிருந்து வந்த 74 வயது தாயார் ஒருவருக்குக் கைகள் நடுங்கின, நடை தளர்ந்தது, கஞ்சி குடித்தாலும் புரையேறியது. "வயதாகிவிட்டது, ஐயா" என்றார் மகன். நாங்களும் அப்படியே எண்ணி, ஜெபித்துத் திரும்பினோம். மருத்துவரோ, "என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?" என்று கேட்டார். மறதி நோயினால் வந்த கோபத்தை அடக்க, பல மாதங்களாக ஹாலோபெரிடால் கொடுத்து வந்திருந்தார்கள்.

மனநோய் மருந்துகள் அநேகருக்குத் தெளிவைத் தந்திருக்கின்றன. ஆனால் முதியோருக்கு அவற்றால் உடல் விறைப்பு, நடுக்கம், தூக்கக் கலக்கம், எழும்போது தலைசுற்றல், மலச்சிக்கல் ஆகியவை எளிதில் உண்டாகலாம்; விழுந்து எலும்பு முறிவதும் உண்டு. மறதி நோயுள்ள முதியோரின் மரண அபாயத்தை இம்மருந்துகள் அதிகரிக்கின்றன என்று அமெரிக்க அரசின் மருந்துத் துறை புதிய மருந்துகளைக் குறித்து 2005-லும், பழையவற்றைக் குறித்து 2008-லும் எச்சரித்தது.

ஆகவே இத்தகைய மாற்றங்களைக் கண்டால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாகவே மருந்தை நிறுத்திவிடாதீர்கள்; நோய் திரும்பக்கூடும்.

அந்தத் தாயாருக்கு மருந்தைப் படிப்படியாகக் குறைத்தார்கள். சில வாரங்கள் கழித்து, தாமே டம்ளரைப் பிடித்துக் காப்பி குடித்தார். தேவனுக்கு ஸ்தோத்திரம்!

71-ஆம் சங்கீதம் முதிர்வயதின் ஜெபம். நம் வீட்டு முதியோருக்காக அதை ஏறெடுப்போம். அவர்களுடைய மருந்துச் சீட்டையும் எடுத்துப் பார்ப்போம்.